மூக்கு தரையைப் பார்க்கட்டும்

டீக்கு நன்றி சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் சூடு சரியாக இருக்கிறது. ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். தப்பாக நினைக்காதீர்கள், எதைக் கையில் எடுத்தாலும் மார்க்குப் போடுவது என் தொழில். அது நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கதவை மட்டும் முழுக்கச் சாத்த வேண்டாம். வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய பச்சைக் கைப்பையின் ஓரம் இங்கிருந்து தெரிகிறது. அது தெரிந்துகொண்டிருந்தால் எனக்கு நிதானமாகப் பேச வரும்.

எதற்கு வந்தேன் என்று கேட்டீர்கள். அவள்தான் அழைத்து வந்தாள். நானாக வந்திருந்தாலும் ஒரே காரணத்துக்காகத்தான் வந்திருப்பேன். நீங்கள் பிடித்து வைத்திருக்கிற அந்த வங்கிக் காவலாளி ஒரு தப்பும் செய்யவில்லை. மலிவான பொம்மைத் துப்பாக்கியைப் பார்த்து ஏமாந்து என் தங்கையின் கணவரைச் சுட்டுவிட்டான் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். மலிவு என்பது சரி. பொம்மை என்பதும் சரி. ஏமாந்தான் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தத் தூரத்தில், அந்த வெளிச்சத்தில், யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். அதை நான் முன்கூட்டியே சோதித்துப் பார்த்திருந்தேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். வங்கிக்கு நேர் மேலே, முதல் மாடியில், ஒரு விளையாட்டுச் சாமான் கடை இருக்கிறது. பந்து, மட்டை, ரிமோட் கார், அந்த மாதிரி. அங்கே நான் விற்பனையாளன். எல்லோரும் வீட்டிலிருந்தே வாங்க ஆரம்பித்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டுதான் இருந்தோம். ஒருநாள் முதலாளி, "நீதான் எதை எடுத்தாலும் நொட்டை சொல்றவனாச்சே, அதையே வீடியோவுல சொல்லேன்யா" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. முதன்முதலாக ஒரு சாமான் வாங்குகிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்வேன். தங்கை போனைப் பிடித்துப் படம் எடுப்பாள். அவளுக்குக் கை ஆடவே ஆடாது.

அந்த ஸ்பிரிங் துப்பாக்கியும் அப்படி வந்ததுதான். பெட்டிக்குள் துப்பாக்கி, ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் குண்டு, அவ்வளவுதான். கண்ணுக்கு மாட்டிக்கொள்ளக் கண்ணாடி வைக்கவில்லை. புதிதாக வாங்குகிறவனுக்குக் கண்ணாடி கொடுக்காதவன் என்ன வியாபாரி? அதற்கே ஒரு மார்க் குறைத்தேன். பேட்டரி கிடையாது, கேஸ் கிடையாது. மேல்பகுதியைப் பின்னால் இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகும். அடுத்த குண்டுக்கு மறுபடியும் இழுக்க வேண்டும். பழகுகிறவர்களுக்கு அது நல்லது. அவசரப்பட்டுச் சுட்டுத்தள்ள முடியாது. கடையின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் அட்டைப்பெட்டி வைத்துச் சுட்டேன். குறி சற்று இடப்பக்கம் இழுத்தது. பெட்டியில் பட்ட இடத்தில் ஒரு பள்ளம்கூட விழவில்லை. பரம சாது. ஆனால் கைப்பிடிக்குள் ஒரு இரும்புத் துண்டு வைத்திருந்தார்கள், அதனால் கையில் நல்ல கனம். இழுக்கும்போது 'சரக் சடக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதைக் கேட்டால் பிளாஸ்டிக் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டீர்கள்.

எங்கள் கடையில் துப்பாக்கி முனையை மூக்கு என்போம். பொம்மை என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காக அதில் ஆரஞ்சு நிறம் பூசி அனுப்புவார்கள். துப்பாக்கி வீடியோ எது எடுத்தாலும் நான் தவறாமல் சொல்கிற ஒரு வரி உண்டு. "மூக்கு தரையைப் பார்க்கட்டும்." அதாவது, மேல்பகுதியை இழுக்கும்போது முனை தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். ஆளுக்கு நேராக நீட்டிக்கொண்டு இழுக்கவே கூடாது. விளையாட்டுத் துப்பாக்கிக்கும் அதுதான் ஒழுங்கு. நான் மறந்தாலும் தங்கை விடமாட்டாள். "அண்ணா, மூக்கு, மூக்கு" என்று போனுக்குப் பின்னாலிருந்து குசுகுசுப்பாள். அந்த வரியில் ஒரு சொல் பிசகினாலும் மறுபடி எடுப்போம். மொத்தத்தில் அந்தத் துப்பாக்கிக்கு ஐந்துக்கு மூன்று.

என்னுடைய பட்டப்பெயரும் அதுதான். மூணு மார்க்கு. வைத்தவர் மாப்பிள்ளை. தங்கையின் கணவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மாப்பிள்ளை என்றுதான் சொல்வேன். கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில் தங்கை என்னிடம், "அவருக்கு எத்தனை மார்க்கு அண்ணா?" என்று கேட்டாள். மூன்று என்றேன். மனசாட்சிப்படி இரண்டுதான் வரும், அவளுக்காக ஒன்று கூட்டிப் போட்டேன். அதைப் போய் அவரிடமே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில், கடையில், கல்யாண வீடுகளில், எங்கே பார்த்தாலும், "என்ன மூணு மார்க்கு மச்சான், சௌக்கியமா?" என்பார். கூட்டமே சிரிக்கும். தங்கையும் சிரிப்பாள். அவரைச் சமாளிக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, பாவம்.

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைச் சிரிக்க வைத்தே வண்டி பழக்கிவிடுவார் என்று பெயர். பயிற்சி வண்டியில் ஆசிரியர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எங்கே போனாலும் அப்படி ஒரு பிரேக் தன் காலடியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர். ஆள் கெட்டவர் இல்லை. தங்கையைக் கை நீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை. நான் யாரைப் பற்றியும் இல்லாததைச் சொல்லமாட்டேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு தங்கையை வளர்த்தது நான். தலை பின்னக் கற்றுக்கொண்டதுகூட அவளுக்காகத்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவசியப்படவில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் போட்ட ஒரே நிபந்தனை அது. மத்தியானம் மாப்பிள்ளை டிபன் கேரியரோடு கடைக்கு வருவார், பின்னறையில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். அப்படியே காலம் ஓடியிருக்கும். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, துண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "மச்சான், வேற ஊர்ல சொந்தமா ஒரு டிரைவிங் ஸ்கூல் போடறேன். நாங்க ரெண்டு பேரும் அங்கயே போயிடறோம். உங்களுக்கும் ஒரு ரூம் பாத்து வைக்கறேன், லீவுக்கு வந்து மார்க்கு போட்டுட்டுப் போங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் கேட்டேன். "நானே சொல்லணும்னு இருந்தேன் அண்ணா" என்று சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அவளுக்குப் போக மனசே இல்லை என்று அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து அவள் சொல்லவில்லைதான். வளர்த்தவனுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கடமைக்காகப் புது வீட்டுக்குத் திரைச்சீலைத் துணி எடுத்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள். அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன், எனக்கு எதிரே யார் உட்காருவார்கள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை சார். அவளைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

வங்கியில் பழைய காவலாளி ஒருவர் இருந்தார். மீசையைப் பார்த்து மாப்பிள்ளை அவருக்கு மேஜர் என்று பெயர் வைத்திருந்தார். இருவருக்கும் தினமும் ஒரு கூத்து. மாப்பிள்ளை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டி, "மேஜர், கையத் தூக்கு" என்பார். மேஜர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நாற்காலியில் சரிவார். ஒருதடவை எங்கள் கடையிலிருந்து தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் மீசையை நனைத்துவிட்டு வந்தார். வங்கியில் எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள். எதற்குத்தான் சிரிப்பது என்று இல்லாத ஜனங்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்க அந்த ஊருக்குப் போயிருந்த வாரத்தில், மேஜர் தன் மகளுக்குப் பிரசவம் என்று விடுப்பில் போனார். அவர் இடத்தில் வந்தவன்தான் நீங்கள் பிடித்து வைத்திருக்கிற இந்தப் புது ஆள். சிரிக்கவே மாட்டான். இடுப்பில் கைத்துப்பாக்கி. எங்கள் படிக்கட்டில்தான் டீ குடிப்பான், அப்போது பேச்சுக் கொடுத்தேன். இதற்கு முன் வேறு கிளையில் இருந்தானாம். அங்கே கொள்ளைக்காரர்கள் புகுந்தபோது கூட நின்றவன் கண்ணெதிரே செத்துப்போனானாம். "யோசிச்சுக்கிட்டு நின்னான் சார், அதான் போயிட்டான். நான் யோசிக்க மாட்டேன்" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வங்கி வாசலைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அவன்மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது.

ஆனால் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. பெட்டியில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்று தினமும் பார்க்கிறவன் நான். மறுநாள் பணம் கட்டுகிற சாக்கில் வங்கிக்குப் போனேன். கையில் பொத்தானை அழுத்தினால் விரிகிற கறுப்புக் குடை. உள்ளே நுழைந்ததும், தெரியாமல் பட்டதுபோல, பொத்தானை அழுத்தினேன். குடை படாரென்று விரிந்தது. அது முழுசாக விரிவதற்குள் அவன் கை இடுப்புக்குப் போய்விட்டது. துப்பாக்கி உறையின் வார் அவிழ்ந்திருந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "மன்னிச்சுக்கப்பா, பழைய குடை" என்றேன். அவன்தான் என்னிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். வெயிலிலிருந்து வருகிறவனுக்கு உள்ளே நிற்பவர் முகம் உடனே தெரியாது என்பதையும் அன்று பார்த்து வைத்துக்கொண்டேன். நான் யாருக்கும் ஐந்து போடுவதில்லை. அவனுக்குப் போட்டேன்.

மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்த அன்று விடுமுறை, கீழே வங்கி பூட்டியிருந்தது. நான் கடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். உள்ளே வந்தவர், "ஊரை விட்டுப் போறதுக்கு முன்னால மேஜருக்கு ஒரு கடைசி ஆட்டம் காட்டணும் மச்சான், வாழ்நாளுக்கும் மறக்கக் கூடாது" என்றார். அவராகத்தான் சொன்னார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரியிலிருந்து ஸ்பிரிங் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஆரஞ்சு மூக்கப் பாத்தா மேஜர் சிரிச்சிடுவாரே" என்றார். "அதுக்கென்ன, பூசிட்டாப் போச்சு" என்றேன். பொம்மை விமானத்துக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்ட் கடையில் இருந்தது. இரண்டு தடவை மெல்லிசாகப் பூசினேன். கெட்டியாகப் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரியும்.

காய்ந்த பிறகு எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் மேல்பகுதியை இழுக்கும்போது தானாகவே முனையைத் தரைப்பக்கம் சாய்த்தார். என் வீடியோக்களைக் கேலி செய்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "அது வீடியோவுக்கு மாப்பிள்ளை. நாடகத்துக்கு அப்படி இல்ல. முதல்ல கையை நேரா நீட்டணும், மூக்கு ஆளப் பாக்கட்டும். அப்பறம் இழுக்கணும். அந்தச் சத்தத்துலதான் மேஜர் ஆடிப்போவார்" என்றேன். கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். கடைசியில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கையை நீட்டி, 'சரக் சடக்' என்று இழுத்தார். எல்லாம் தெரிந்த எனக்கே நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். என் தோளில் கையைப் போட்டு, "அஞ்சுக்கு அஞ்சு மச்சான். சும்மா சொல்லல, உங்கள மாதிரி யாருக்கு வரும்" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. அப்போதே அந்த மூக்கைச் சுரண்டிவிட்டிருக்கலாம். பெயிண்ட் இன்னும் முழுசாக இறுகவில்லை, நகத்தால் சுரண்டினாலே வந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போலப் பின்பக்கப் படிக்கட்டு வழியாக டிபன் கேரியரோடு வந்தார். கேரியரை மேஜைமேல் வைத்தார். துப்பாக்கியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். கதவுப்பக்கம் போனவர் நின்று திரும்பிக் கேட்டார்.

"இருக்காரா?"

"இருக்கார்" என்றேன்.

அவ்வளவுதான் சார் பேசிக்கொண்டது. யார் என்று அவர் கேட்கவில்லை, யார் என்று நானும் சொல்லவில்லை. நம் பேச்சில் அது ஒரு வசதி. காவலுக்கு ஒரு ஆள் இருந்தான், இருக்கார் என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? யோசித்துப் பாருங்கள், நான் வாழ்க்கையில் பொய் சொன்னதே இல்லை.

அவர் இறங்கிப் போனதும் கேரியரைத் திறந்து இரண்டு தட்டிலும் சோற்றைப் பரிமாறினேன். பழக்கம். அவர் தட்டில் வழக்கம்போல ஒரு கரண்டி கூடுதலாக வைத்தேன். கீழே ஒரே ஒரு சத்தம் கேட்டது. நான் நினைத்ததைவிடச் சின்னச் சத்தம். பிறகு யாரோ ஒரு பெண் அலறினாள், பிறகு நிறையப் பேர். நான் கையைக் கழுவிக்கொண்டு இறங்கினேன். மாப்பிள்ளை கதவுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். சிரிக்க ஆரம்பித்த வாய் அப்படியே இருந்தது. அந்தக் காவலாளி அவர் பக்கத்தில் மண்டி போட்டு, அந்தத் துப்பாக்கியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது பொம்மை சார், இது பொம்மை" என்று என்னைப் பார்த்து அழுதான். விழுந்த வேகத்தில் முனையில் பெயிண்ட் உரிந்து கொஞ்சம் ஆரஞ்சு தெரிந்தது.

விளையாட்டுக்காரர், அவரே கறுப்புப் பூசிக்கொண்டார் என்று நீங்கள் எல்லோரும் முடிவு செய்தீர்கள். என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆறுதல்தான் சொன்னார்கள். நீங்கள்கூட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினீர்கள்.

நேற்று தங்கையைக் கூப்பிட்டு வங்கிக் கேமராவில் பதிவானதைக் காட்டினீர்கள். உள்ளே வருகிறவர் தன் கணவர்தான் என்று உறுதி செய்தாள். பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பாதி தைத்த திரைச்சீலை அதில் அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். "இனிமே எங்கயும் போக வேண்டாம்மா, நான் இருக்கேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"அண்ணா, அவரு கைய நேரா நீட்டிக்கிட்டு இழுத்தாரே. அப்படி இழுக்க யாரு சொல்லிக்குடுத்தா?"

மெஷினிலிருந்து தரைக்குத் தொங்கிய துணியை நான் எடுத்து மடித்து வைத்தேன்.

"உன் வீடியோ எல்லாத்தையும் நான்தானே எடுத்தேன். அவரும் என்கூட உக்காந்து ஒண்ணு விடாமப் பாப்பாரு. நான் தண்ணி பாட்டில் நீட்டினாக்கூட, மூக்கு தரையப் பாக்கட்டும்னு சொல்லிச் சிரிப்பாரு. அவருக்கு அப்படி இழுக்க வராது அண்ணா."

அந்த வரியில் ஒரு சொல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிறவள். அதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்தது, வளர்ப்பு அப்படி. அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். காலையில் எனக்குக் காபி போட்டுக் கொடுத்து, "வா அண்ணா, ஸ்டேஷனுக்குப் போகலாம்" என்றாள். கோபம் இருந்தால் கூடவே வருவாளா? படியேறும்போது என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் பிடித்திருந்தாள், நகம் பதிந்திருக்கிறது, பாருங்கள். பயத்தில் இருப்பாள்.

இவ்வளவுதான் நடந்தது. ஆமாம், மேஜர் இல்லை என்று எனக்குத் தெரியும். சுடுவான் என்று தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். சட்டம் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள், நான் நொட்டை சொல்லமாட்டேன். அந்தக் காவலாளியை விட்டுவிடுங்கள். என் தங்கைக்கு நல்லது எதுவோ அதைச் செய்தேன். கொஞ்ச நாள் போனால் அவளுக்கே புரியும். நான் திரும்பி வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், வீட்டில் அவளும் நானும்தான்.

சற்று முன்னால் படியில் யாரோ இறங்கிப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பச்சைப் பை இப்போது தெரியவில்லை. இந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, பெஞ்சில் தள்ளி உட்கார்ந்திருப்பாள்.

கையெழுத்துத்தானே, போட்டுவிடுகிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று சார். இருக்காளா?

நீங்கள் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இருக்காங்க" என்றீர்கள்.

அது போதும் எனக்கு. பேனாவைக் கொடுங்கள்.